அண்ணாந்து குடித்த மரியாதை

கொரிய மொழியில் நான் பிழையில்லாமல் சொல்லக் கற்றுக்கொண்ட முதல் முழு வாக்கியம், "டீச்சர், எனக்கு ஒண்ணுக்கு வருது" என்பதுதான். என் வகுப்புத் தோழர்கள் அதிகம் பயன்படுத்திய வாக்கியம் அது. அவர்களுக்கு ஆறு, ஏழு வயது. எனக்கு முப்பத்து நான்கு, மீசை வேறு.

இரண்டாயிரத்து நான்கு வாக்கில் நாங்கள் டெக்சாஸில், பிளானோவில் இருந்தோம். பக்கத்து ஊரான கேரல்ட்டனில் ஒரு கொரிய சர்ச்சின் பின்பக்க அறையில் சனிக்கிழமை காலைகளில் கொரிய வகுப்பு நடக்கும். இங்கே பிறந்த பிள்ளைகள் தாய்மொழியை மறந்துவிடக் கூடாது என்று பெற்றோர்கள் கூடி நடத்துவது. நம் ஆட்கள் நடத்தும் தமிழ்ப் பள்ளி மாதிரியேதான். டீச்சர் கொரிய மொழியில் கேட்பார், பிள்ளைகள் ஆங்கிலத்தில் பதில் சொல்லும், வாசலில் அப்பாக்கள் காருக்குள் தூங்குவார்கள். பெரியவர்களுக்கு வகுப்பு உண்டா என்று கேட்டேன். ஆள் சேர்ந்தால் ஆரம்பிப்போம் என்றார்கள். சேர்ந்த ஆள் நான் ஒருவன்தான். ஆகவே குட்டி நாற்காலி. மேஜைக்கு மேலே முழங்கால் இரண்டும் தெரிய உட்கார்ந்திருப்பேன்.

முதல் நாள், பக்கத்து நாற்காலிச் சிறுமி என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நீங்க யாரோட அப்பா?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

"யாரோட அப்பாவும் இல்ல."

"அப்ப ஃபெயில் ஆயிட்டீங்களா?"

ஃபெயில் ஆகாமல் இருக்கத்தான் வந்திருக்கிறேன் என்று அவளிடம் சொல்லியிருக்கலாம். கைப்பேசி செய்கிற ஒரு கொரிய நிறுவனத்தின் டெக்சாஸ் கிளையில் சோதனைப் பிரிவில் வேலை எனக்கு. ஆறு வருட விசாவில் ஐந்தாவது வருடம் ஓடிக்கொண்டிருந்தது. அது முடிவதற்குள் கம்பெனி எனக்கு க்ரீன் கார்டுக்கு விண்ணப்பித்தாக வேண்டும், இல்லையென்றால் மூட்டை முடிச்சைக் கட்ட வேண்டியதுதான். மனைவி அப்போது நர்சிங் படிப்பில் பாதியில் இருந்தாள். கிளம்பினால் அவள் படிப்பும் கோவிந்தா. விண்ணப்பத்துக்கு எங்கள் பிரிவின் தலைவர் ஒரு கடிதம் எழுதித் தர வேண்டும் என்று கம்பெனி வக்கீல் சொல்லிவிட்டார். "இந்த ஆள் இல்லாமல் எங்களுக்கு வேலை ஓடாது" என்கிற மாதிரி. பொய்தான், ஆனால் வழக்கமான பொய்.

தலைவர் சியோலிலிருந்து வந்தவர். ஐம்பது தாண்டியவர். எல்லோரும் அவரை டீம்ஜாங்-நிம் என்றுதான் கூப்பிடுவார்கள். டீமின் தலைவர், அதோடு நம் 'ஐயா' மாதிரி ஒரு 'நிம்'. ஆங்கிலத்தை மிகவும் சிக்கனமாகச் செலவழிப்பார். "யெஸ்", "நோ", "வை?" இந்த மூன்றிலேயே ஒரு வாரத்தை ஓட்டிவிடுவார். என் கடிதத்துக்கு வைத்திருந்த பதில் "லேட்டர்". அவருக்குத் தெரிந்த ஆளாக ஆனால்தான் கையெழுத்து போடுவார் என்று ஆபீஸில் பேச்சு. சரி, தெரிந்த ஆளாக ஆகிவிடுவோம் என்று முடிவு கட்டினேன்.

"காலேஜ்ல ஹிந்தி கத்துக்க மாட்டேன்னு போராட்டம் எல்லாம் பண்ணினேன்னு பீத்திப்பீங்களே," என்றாள் மனைவி. "க்ரீன் கார்டுன்னா கொரியன் மட்டும் இனிக்குதா?"

"கொரியனும் தமிழும் ஒண்ணுடி. அவங்களும் அம்மா, அப்பான்னுதான் சொல்றாங்க."

"அப்ப அம்மா அப்பான்னே சொல்லிட்டு வாங்க. எதுக்கு ஃபீஸ் கட்டறீங்க?"

வகுப்பில் மொழியைவிடப் பழக்கவழக்கங்கள்தான் எனக்குச் சுலபமாக வந்தன. பெரியவர் கரண்டியை எடுக்கும் முன் நாம் எடுக்கக் கூடாது. எதைக் கொடுத்தாலும் வாங்கினாலும் இரண்டு கை. சோற்றில் சாப்ஸ்டிக்கைச் செங்குத்தாகக் குத்தி வைக்கக் கூடாது, அது செத்தவர்களுக்குப் படைக்கிற முறை. பெரியவர் முன்னால் எதையாவது குடிக்கும்போது முகத்தைப் பக்கவாட்டில் திருப்பிக்கொள்ள வேண்டும். டீச்சர் தண்ணீரை வைத்துப் பயிற்சி கொடுப்பார். வகுப்பிலேயே அழகாக முகம் திருப்புகிறவன் நான்தான். டீச்சர் எனக்கு ஒரு முயல் ஸ்டிக்கர் தந்தார். அதை ஆபீஸ் மானிட்டரில் ஒட்டி வைத்தேன். டீம்ஜாங்-நிம் பார்க்கட்டும் என்றுதான். அவர் பார்த்தார். "வை?" என்றார். சொன்னேன். முதல் தடவையாகச் சிரித்தார்.

அதிலிருந்து என் கொடி பறக்க ஆரம்பித்தது. தினமும் காலையில் இடுப்பை மடித்து வணக்கம் சொன்னேன். மற்ற இந்தியர்களுக்கு கொரியப் பண்பாடு பற்றிப் பாடம் எடுத்தேன். கேட்க விரும்பாதவர்களுக்கும் எடுத்தேன்.

அதிகம் கேட்டு அவதிப்பட்டவன் என் நண்பன். காயல்பட்டினத்துக்காரன், அதே பிரிவு. நாங்கள் இருவரும் ஒரே காரில்தான் ஆபீஸ் போய் வருவோம். அவன் என்னை மச்சான் என்பான். நான் அவனை பாய் என்பேன். அவன் எனக்கு ஒரு உறவுமுறை கொடுத்திருந்தான், நான் அவனுக்கு அவன் மதத்தைத் திருப்பிக் கொடுத்திருந்தேன் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

"மச்சான், நீ கொரியனா மாறினப்புறம் எனக்குக் கையெழுத்து போடுவியா?" என்பான்.

அவனுக்கு விண்ணப்பமெல்லாம் ஏற்கெனவே போயாகிவிட்டது. மொழி எதுவும் படிக்காமலே டீம்ஜாங்-நிம்முக்கு அவனைப் பிடிக்கும். எனக்கு அதில் கொஞ்சம் எரிச்சல்.

இந்த இடத்தில் எங்கள் வீட்டைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். எங்கள் வீட்டில் எச்சில் என்பது ஒரு தனிப் பாடத்திட்டம். டம்ளரில் உதடு படக் கூடாது, அண்ணாந்துதான் குடிக்க வேண்டும். காபியைக்கூட. சூடான காபியை அண்ணாந்து குடிக்கப் பழகியவனுக்கு சர்க்கஸில் வேலை கிடைக்கும். ஒருத்தர் கடித்ததை இன்னொருத்தர் கடிக்கக் கூடாது. அமெரிக்கா வந்த இரண்டாவது வாரத்தில் கோழிக்குப் பழகிவிட்டேன், அடுத்த மாதம் பீருக்கு. எச்சிலுக்கு மட்டும் பழகவில்லை. கொரியச் சாப்பாட்டில் ஒரே சட்டி குழம்பில் எல்லோரும் ஸ்பூன் விட்டுச் சாப்பிடுவார்கள். நான் மற்றவர்களுக்கு முன்னால் பாய்ந்து என் கிண்ணத்தில் அள்ளிக்கொண்டுவிடுவேன். "இவனுக்கு நல்ல பசி" என்று நினைத்துக்கொண்டார்கள்.

ஜூன் மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, வேலை முடிந்து டீம் முழுவதும் ஒன்றாகச் சாப்பிடப் போனோம். டாலஸில் ராயல் லேன் பக்கத்தில், மேஜை நடுவில் அடுப்பு வைத்து இறைச்சி வாட்டித் தரும் கடை. டீம்ஜாங்-நிம் என் நண்பனுக்கென்று தனியாக மீன் குழம்பு சொல்லியிருந்தார், குடிக்க ஒரு இனிப்பு சோடா. எங்களுக்கெல்லாம் கொரியச் சாராயம். சின்னக் கண்ணாடி கிளாஸ்.

சாப்பாடு பாதியில் டீம்ஜாங்-நிம் தன் கிளாஸை ஒரே மடக்கில் காலி செய்துவிட்டு, அதே கிளாஸை என் நண்பனிடம் நீட்டினார். அதில் சோடாவை ஊற்றினார். இது அவர்களிடம் பெரிய விஷயம். பெரியவர் தான் குடித்த கிளாஸையே கொடுத்து ஊற்றினால், நீ என் ஆள் என்று அர்த்தம். நண்பன் இரண்டு கையாலும் வாங்கி, வாய் வைத்துக் குடித்து, திருப்பிக் கொடுத்தான். மேஜை கை தட்டியது.

அடுத்தது நான்.

அவர் மறுபடி ஊற்றிக் குடித்தார். கிளாஸின் விளிம்பில் இறைச்சிக் கொழுப்பின் பளபளப்பு ஒரு பிறை மாதிரி தெரிந்தது. என்னைப் பார்த்து நீட்டினார். "லெட்டர், மண்டே," என்றார். கடிதம் திங்கட்கிழமை! நான் எழுந்து நின்றேன். இரண்டு கையாலும் வாங்கினேன். தலை குனிந்தேன். அவர் ஊற்றினார். முகத்தை அழகாகப் பக்கவாட்டில் திருப்பினேன். டீச்சர் இருந்திருந்தால் இன்னொரு முயல் கிடைத்திருக்கும்.

அப்புறம் என் கை தானாக மேலே போனது. தலை தானாகப் பின்னால் சாய்ந்தது. அரையடி உயரத்திலிருந்து, உதட்டில் படாமல், சாராயம் ஒரு கம்பியாக என் வாய்க்குள் இறங்கியது. முகத்தைத் திருப்பிக்கொண்டு அண்ணாந்து பழக்கமில்லாததால் பாதி வாய்க்குள், பாதி காலருக்குள்.

மேஜையில் ஒவ்வொருவராகச் சாப்ஸ்டிக்கைக் கீழே வைத்தார்கள். அடுப்பில் இறைச்சி கருக ஆரம்பித்தது.

"வை?" என்றார் டீம்ஜாங்-நிம். அவருடைய மூன்று வார்த்தைகளில் நான் மிகவும் பயந்தது அதற்குத்தான். கிளாஸையும் என் வாயையும் மாறி மாறிப் பார்த்தார். நான் ஏதோ சொல்ல வாய் திறந்தேன். எனக்குத் தெரிந்த கொரிய மொழியில் ஒண்ணுக்கு வருகிறது என்றுதான் சொல்ல முடியும்போல இருந்தது.

"சார், இண்டியன் ரெஸ்பெக்ட்," என்றான் என் நண்பன் நிதானமாக. மீன் முள்ளைத் தட்டில் வைத்துவிட்டு, மெதுவாக, சின்னச் சின்ன ஆங்கில வாக்கியங்களாக விளக்கினான். எங்கள் ஊரில் பெரியவர் தன் கிளாஸைக் கொடுத்தால் சின்னவன் அதில் உதடு வைக்க மாட்டான். தன் வாய் அதற்குத் தகுதியில்லை என்று நினைப்பான். ரொம்ப உயர்ந்த மரியாதை சார். எல்லாருக்கும் செய்ய மாட்டார்கள்.

டீம்ஜாங்-நிம் அதைக் கொரிய மொழியில் மேஜை முழுவதற்கும் சொன்னார். சொல்லச் சொல்ல அவர் முகம் இளகியது. என் தோளைத் தட்டினார். அப்புறம் எல்லோரும் ஒருவருக்கொருவர் கிளாஸைக் கொடுத்து அண்ணாந்து குடித்துப் பார்த்தார்கள். பத்து பதினைந்து சட்டைகள் நனைந்தன. மூக்கில் ஏறி ஒருவர் இருமி இருமிக் கண்ணீர் விட்டார். நான் ஆசிரியராக நின்று, தலையை இன்னும் கொஞ்சம் சாய்க்க வேண்டும் என்று கற்றுக்கொடுத்தேன். ஆமாம், அதையும் செய்தேன்.

வெளியே வந்தபோது டெக்சாஸ் கோடை வெளிச்சம் இன்னும் மிச்சம் இருந்தது. குடிக்காதவன் என்பதால் நண்பன்தான் எப்போதும் ஓட்டுவான். டோல்வேயில் ஏறியதும் நான் அவன் கையைப் பிடித்துக் குலுக்கினேன்.

"பாய், உயிரைக் காப்பாத்திட்ட."

"உயிர் இல்ல மச்சான், க்ரீன் கார்டு. கையை விடு, லேன் மாறணும்."

"எப்படிடா அந்த நேரத்துல அப்படி ஒரு பொய் தோணுச்சு? டைமிங்கே டைமிங்!"

அவன் கண்ணாடியைப் பார்த்து லேன் மாறினான். "அது புதுப் பொய் இல்லப்பா. எங்க வீட்ல ரொம்ப நாளா ஓடிட்டிருக்கிற பொய்."

"என்ன?"

"எங்க ஊர்ல சஹன்ல சாப்பிடுவோம்ல. ஒரே பெரிய தட்டு, சுத்தி உக்காந்து. நீ வரும்போதெல்லாம் பேப்பர் பிளேட் கேப்ப. முதல் தடவையே என் ஒய்ஃப் கேட்டா, 'அந்த அண்ணன் ஏன் நம்மளோட உக்கார மாட்டேங்கிறாங்க'ன்னு. நான் என்ன சொல்ல? 'அவங்க வீட்டுப் பக்கம் அது மரியாதைம்மா, அடுத்தவங்க தட்டுல கை வெக்க மாட்டாங்க'ன்னு சொல்லி வெச்சேன். இன்னிக்கு அதையே இங்கிலீஷ்ல சொன்னேன். அவ்ளோதான்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். நானும் சிரித்தேன். எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள் அந்த வீட்டில் பிரியாணி சாப்பிட்டிருக்கிறேன்! பேப்பர் பிளேட்டை மடியில் வைத்துக்கொண்டு சோபாவில் உட்கார்ந்து, கீழே வட்டமாக உட்கார்ந்திருப்பவர்களுக்கு ஜோக் சொல்லிக்கொண்டே. அவர்கள் கவனிக்கவில்லை என்று நினைத்தேன். முதல் நாளே கவனித்து, எனக்காக ஒரு காரணத்தையும் தயாரித்து, இத்தனை நாள் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். ஏதாவது சொல்ல வேண்டும் என்று தேடினேன். "ஏசி கொஞ்சம் கம்மி பண்ணேன்" என்றேன்.

திங்கட்கிழமை கடிதம் வரவில்லை. சியோலிலிருந்து பெரிய அதிகாரிகள் வந்திருந்ததால் டீம்ஜாங்-நிம் அலைந்துகொண்டிருந்தார். ஆனால் அவர்களிடமும் என்னை இழுத்துக்கொண்டு போய், இண்டியன் ரெஸ்பெக்ட் செய்து காட்டச் சொன்னார். ஆபீஸ் பேன்ட்ரியில், தண்ணீரில் செய்து காட்டினேன். அவர்கள் படம் எடுத்தார்கள். "குட் மேன். லெட்டர், நெக்ஸ்ட் வீக்," என்றார். ஒருநாள் காபியை அவரே அண்ணாந்து குடிக்க முயன்று நாக்கைச் சுட்டுக்கொண்டார். என்னிடம் வந்து நாக்கை நீட்டிக் காட்டிவிட்டுச் சிரித்தார். உண்மையைச் சொல்லிவிடலாமா என்று தோன்றும். கடிதம் வந்த பிறகு சொல்லலாம் என்றும் தோன்றும். இரண்டாவது தோன்றல்தான் எப்போதும் ஜெயித்தது.

அந்த வாரக் கடைசியில் நண்பனின் வாப்பா காயல்பட்டினத்திலிருந்து வந்து சேர்ந்தார். தன் ஊழியரின் தகப்பனார் கடல் தாண்டி வந்திருக்கிறார் என்று கேள்விப்பட்டதும், நேரில் வந்து வணங்க வேண்டும் என்று டீம்ஜாங்-நிம் பிடிவாதம் பிடித்தார். நண்பன் வீட்டில் அவரை ஞாயிறு மதியம் சாப்பாட்டுக்கு அழைத்தார்கள். வழி காட்ட நான்.

டீம்ஜாங்-நிம் தேங்காய் அளவு பேரிக்காய்கள் அடுக்கிய பெட்டியோடு வந்தார். செருப்பை வாசலில் கழற்றச் சொல்ல வேண்டியே இருக்கவில்லை. ஹாலில் விரிப்பு, நடுவில் சஹன், நெய்ச்சோறு, அவர்கள் ஊர்க் கல்யாணங்களில் வைக்கிற களரிக் கறி. பார்த்ததும் அவருக்குத் தாங்கவில்லை. "சேம்! கொரியா, சேம்!" என்றார். ஒரே தட்டு, ஒன்றாகத் தரையில் உட்கார்வது. வாப்பாவை விழுந்து வணங்கினார். வாப்பா பதறிப்போய், "அய்யய்யோ, வேணாம், எந்திரிங்க" என்று கையைப் பிடித்துத் தூக்கி, தன் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார்.

காரில் வரும்போதே இன்று சஹனில் உட்கார்ந்துவிடுவது என்று தீர்மானம் செய்திருந்தேன். நண்பனின் மனைவி அடுக்களையிலிருந்து வந்தாள். "அண்ணா, உங்களுக்கு பிளேட் தனியா எடுத்து வெச்சிட்டேன்." வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். வாய் "தேங்க்ஸ்மா" என்றது. சோபாவில் உட்கார்ந்தேன், மடியில் பேப்பர் பிளேட்.

நன்னாரி சர்பத் வந்தது. டீம்ஜாங்-நிம் தன் கிளாஸைக் குடித்து முடித்தார். பிறகு அவர்கள் முறைப்படி, அதே கிளாஸை இரண்டு கையாலும் வாப்பாவிடம் நீட்டி, ஜக்கிலிருந்து ஊற்றினார். வாப்பாவுக்கு இது என்ன வழக்கம் என்று தெரியாது, ஆனால் புரிந்துவிட்டது. முகம் மலர வாங்கி, வாய் வைத்துக் குடித்தார். "நல்ல மனுஷன்," என்றார் மகனிடம். தானே அதை நிரப்பி அவரிடம் திருப்பிக் கொடுத்தார்.

அப்போதுதான் எனக்கு விபரீதம் உறைத்தது. ஆனால் டீம்ஜாங்-நிம் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டிவிட்டார். முதுகை நிமிர்த்தினார். முகத்தைத் திருப்பினார். ஒரு முதியவரின் வாய்பட்ட கிளாஸை, தன் உதட்டில் படாதபடி, உயரத் தூக்கி அண்ணாந்தார். சர்பத் அவருடைய வெள்ளைச் சட்டையில் கோடாக இறங்கியது. குடித்து முடித்துவிட்டு, பரீட்சையில் பாஸான பிள்ளை மாதிரி எல்லோரையும் பார்த்தார்.

வாப்பாவின் முகத்திலிருந்த சிரிப்பு அப்படியே இருந்தது, ஆனால் அதற்குப் பின்னால் ஆள் இல்லை. தமிழ்நாட்டில் அறுபது எழுபது வருடம் வாழ்ந்த ஒரு மனிதருக்கு, தான் கொடுத்த கிளாஸை ஒருவர் அண்ணாந்து குடித்தால் என்ன அர்த்தம் என்று விளக்க வேண்டியதில்லை. நண்பன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். அவன் மனைவி அடுக்களை வாசலிலேயே நின்றாள்.

வாப்பா கோபப்பட்டிருந்தால் நான் தப்பித்திருப்பேன். அவர் மெதுவாக, ஒரு தகவலைத் தெரிந்துகொள்கிற மாதிரி, மகனிடம் கேட்டார்:

"கொரியாவுலயும் இது உண்டாப்பா?"

நண்பன் சஹனையே பார்த்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நான் வழக்கம்போல ஒரு ஜோக் சொல்லியிருப்பேனோ என்னவோ.

"இல்ல அங்கிள்," என்றேன். "அங்க இல்ல. நான் சொல்லிக்கொடுத்தது."

டீம்ஜாங்-நிம் என் முகத்தைப் பார்த்து ஏதோ தப்பாகிவிட்டது என்று புரிந்துகொண்டார். "வை?" என்றார். அவரிடம் கொரிய மொழியில்தான் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. ஏன் என்று தெரியவில்லை. ஆனால் என்னிடம் இருந்தது ஆறு வயதுப் பிள்ளைகளின் கொரிய மொழி. அழுக்கு என்பதற்கு எனக்குத் தெரிந்த ஒரே வார்த்தை 'ஜிஜி'. கீழே விழுந்த மிட்டாயைக் குழந்தை எடுத்து வாயில் வைக்கப் போகும்போது டீச்சர் சொல்வது. நாம் 'சீ, கக்கா' என்போமே, அது.

"டீம்ஜாங்-நிம். மரியாதை இல்லை. பொய். டீம்ஜாங்-நிம் கிளாஸ்... ஜிஜி. நான் அப்படி நினைத்தேன். மன்னிக்கவும்."

மீசை வைத்த ஆள் ஒருவன், தன் அதிகாரியின் வாயைப் பார்த்துக் கக்கா என்று சொன்னான். வேறு எந்தச் சமயத்திலாவது அது பெரிய நகைச்சுவையாக இருந்திருக்கும்.

அவர் டிஷ்யூ ஒன்றை எடுத்துச் சட்டையிலிருந்த சர்பத்தைத் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார். பிறகு என்னிடம் மெதுவாகக் கேட்டார்: "இண்டியன் கல்ச்சர்?"

ஆமாம் என்று சொல்லலாம். ஒரு நாடே பழியை ஏற்றுக்கொள்ளும், எனக்கு வலிக்காது. ஆனால் அதே இந்தியாவிலிருந்து வந்த இரண்டு பேர் ஒரே தட்டில் கை வைத்தபடி எதிரே உட்கார்ந்திருந்தார்கள்.

"நோ," என்றேன். "மை ஹவுஸ். மை கல்ச்சர்."

"ஓகே," என்றார். வாப்பாவின் பக்கம் திரும்பி, அந்தக் கிளாஸை மறுபடி இரண்டு கையாலும் நீட்டினார். வாப்பா ஊற்றினார். இந்தத் தடவை டீம்ஜாங்-நிம் விளிம்பில் உதட்டைப் பதித்து, சொட்டு விடாமல் குடித்தார். வாப்பா அவர் முதுகைத் தடவிக் கொடுத்தார்.

பிறகு என்னிடம் கேட்டார்: "அவருகிட்ட என்ன தம்பி சொன்னீங்க?"

கொரிய மொழியில் வெட்கப்படுவது அவ்வளவு கஷ்டமில்லை என்பது அந்த நிமிடம்தான் தெரிந்தது. அதில் என்னிடம் வார்த்தைகள் குறைவு. தமிழில் எல்லா வார்த்தையும் இருந்தது.

"அவர் குடிச்ச கிளாஸுல வாய் வைக்க மனசு வரல அங்கிள். எச்சில்னு. பாய்தான் மரியாதைன்னு சொல்லி என்னைக் காப்பாத்தினான். அவர் அதை நம்பிட்டார்."

வாப்பா தலையை ஆட்டினார். அவர் பார்வை என் மடியில் இருந்த பேப்பர் பிளேட்டுக்கு வந்து நின்றது. கேட்கவில்லை, பார்த்தார். அடுக்களை வாசலில் இருந்தவளும் பார்த்தாள். அவளுக்கு அந்தத் தட்டு மரியாதைத் தட்டு.

"இதுவும் அதுதான் அங்கிள்," என்றேன்.

அவள் உள்ளே போய்விட்டாள். குழாயில் தண்ணீர் திறக்கிற சத்தம் கேட்டது.

"சோறு ஆறுதுப்பா," என்றார் வாப்பா, பொதுவாக. "சாப்பிடுங்க எல்லாரும்."

என்னை வா என்று அவர் கூப்பிடவில்லை. யாரும் கூப்பிடவில்லை. நானாகத்தான் சோபாவிலிருந்து இறங்கினேன். பேப்பர் பிளேட்டை எங்கே வைப்பது என்று தெரியாமல், கடைசியில் சோபாவுக்கு அடியில் தள்ளினேன். நண்பன் கொஞ்சம் நகர்ந்தான். என் முழங்கால் டீம்ஜாங்-நிம்மின் முழங்காலில் இடித்தது. சஹனில் கை வைத்தேன். பொதுத் தட்டில் அள்ளிப் பழக்கமில்லாததால் சோறு விரிப்பில் சிந்தியது.

"உன் பக்கத்துல சாப்பிடு மச்சான்," என்றான் நண்பன். "என் கறியில கை வெச்ச, தெரியும்."

யாரும் சிரிக்கவில்லை. அவனும் சிரிக்கவில்லை. ஆனால் சொன்னான், மச்சான் என்று. அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு சாப்பிட்டு முடித்தேன். ருசி எதுவும் நினைவில்லை. அடுக்களையிலிருந்து அவள் அன்று திரும்பி வரவேயில்லை.

அடுத்த வாரம் கடிதம் வந்தது. டீம்ஜாங்-நிம் சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவர். நான் இல்லாமல் வேலை ஓடாது என்று எழுதிக் கையெழுத்து போட்டிருந்தார். விண்ணப்பம் போனது, மனைவி படித்து முடித்தாள், கார்டும் வந்தது. நண்பன் வீட்டுக்கு நாங்கள் இன்னும் போகிறோம். அவன் மனைவி என்னிடம் நன்றாகத்தான் பேசுகிறாள், அண்ணா என்றுதான் கூப்பிடுகிறாள். சஹனில் இடம் விடுகிறாள். ஆனால் நான் கையை நீட்டும்போது ஒரு விநாடி என் முகத்தைப் பார்க்கிறாள்.

டீம்ஜாங்-நிம் அதற்குப் பிறகு இரண்டு வருடம் போலப் பிளானோவில் இருந்தார். அந்த மதியத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. காலையில் நான் குனிந்தால் அவரும் குனிவார். வெள்ளிக்கிழமை சாப்பாடுகளில் எதிரே உட்கார வைத்துக்கொள்வார், இறைச்சியில் நல்ல துண்டாக எடுத்து என் தட்டில் வைப்பார். அப்புறம் தன் கிளாஸைக் காலி செய்து கொடுக்க ஆரம்பிப்பார். அது என் நண்பனிடம் போகும், புதிதாகச் சேர்ந்த பையன்களிடம் போகும், மேஜையைச் சுற்றி ஒவ்வொரு வாயாகப் போகும். நான் கையை மேஜைக்கு அடியில் தயாராக வைத்திருப்பேன். என் முறை வரும்போது அவர் கடைக்காரப் பெண்ணைக் கூப்பிட்டுக் கொரிய மொழியில் ஏதோ சொல்வார். அதைப் புரிந்துகொள்கிற அளவுக்கு அப்போது எனக்கு மொழி வந்திருந்தது. இவருக்கு மட்டும் ஒரு புது கிளாஸ் கொண்டு வாம்மா என்பார். கழுவித் துடைத்த கிளாஸ் வரும். அதில் விளிம்பு வரை ஊற்றி, இரண்டு கையாலும் என்னிடம் கொடுப்பார்.